இன்ஜின் ஓடுது, லைட்டு மட்டும் எரியலை: டிசிசி மாதிரி ரயிலில் விளக்குப் பழுது பார்ப்பது எப்படி

மாதிரி ரயில் இன்ஜினின் முகப்பு விளக்கு எரியவில்லை என்றதும் கை நேராக ஸ்குரூடிரைவரைத்தான் தேடும். பாடியைக் கழற்றி, தலைமுடி கனமுள்ள வயரை இழுத்துப் பார்த்து, கடைசியில் நல்ல டிகோடரை (இன்ஜினுக்குள் கட்டளையைப் படிக்கும் சிறு சர்க்யூட்டை) கெடுத்துவிட்டு, புதிதுக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டியதாகிவிடும். அவசரப்படாதீர்கள். டிசிசி (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டும் முறை) ரயிலில் பழுது எங்கே இருக்கிறது என்பதை அந்த விளக்கே காட்டிக் கொடுத்துவிடும். எரியவே இல்லையா, மினுக்குகிறதா, வேகத்தைக் கூட்டும்போது அணைந்து அணைந்து எரிகிறதா, மங்கலாக இருக்கிறதா, அணைக்கவே முடியவில்லையா என்று முதலில் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, கை வைக்க வேண்டிய இடமும் வேறு.

அடிப்படை ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றது எளிது. பழைய டிசி ரயிலில் தண்டவாளத்து வோல்ட் கூடினால் விளக்கு பிரகாசமாகும், ரயில் நின்றால் விளக்கும் நிற்கும். டிசிசியில் தண்டவாளத்தில் எந்நேரமும் முழு வோல்ட் இருக்கும்: எச்ஓ அளவு மாதிரிகளில் பொதுவாக 14 முதல் 16 வரை, அதைவிடச் சிறிய ‘என்’ அளவில் 12-ஐ ஒட்டி. அது நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறும் சதுர அலை. அலையின் ஒரு பாதி 58 மைக்ரோநொடி நீடித்தால் ‘1’, 100 அல்லது அதற்கு மேல் நீடித்தால் ‘0’. இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் இந்த அலையை டிசியாக்கிக்கொண்டு, அதிலிருந்தே கட்டளையையும் படிக்கிறது. விளக்குக்கான பிளஸ் எப்போதும் நீல வயரில் நிற்கும். வெள்ளை, மஞ்சள், பச்சை, ஊதா வயர்கள் மைனஸ் பக்கத்துச் சுவிட்சுகள். அதாவது விளக்கு அணைந்திருக்கும்போதும் அதன் ஒரு கால் பிளஸ்ஸில்தான் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை மறப்பதால்தான் பாதிப் பழுதுகள் புரியாமல் போகின்றன.

கோயம்புத்தூர்ப் பக்கம் மோட்டார் வைண்டிங் பழகிய கைகளுக்கு ஓர் எச்சரிக்கை. சிவப்பு, மஞ்சள், நீலம் என்றால் அங்கே மூன்று பேஸ். இங்கே கணக்கே வேறு: சிவப்பு வலது தண்டவாளம், கறுப்பு இடது தண்டவாளம், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டார், வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, பச்சை எஃப்1 (கன்ட்ரோலரின் ஒன்றாம் ஃபங்ஷன் பொத்தான்), ஊதா எஃப்2, நீலம் எல்லா விளக்குக்கும் பொதுப் பிளஸ். அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ வகுத்த வண்ண முறை இது.

பாடியைக் கழற்றாமல் பார்க்க வேண்டியது

இன்ஜினை நிறுத்தி வைத்து எஃப்0-ஐ (முகப்பு விளக்குப் பொத்தானை) போடுங்கள். முன் திசை, பின் திசை இரண்டிலும் பாருங்கள். பிறகு விளக்கு எரியும்போதே விரலால் இன்ஜினை மெதுவாக ஒரு சாண் தள்ளுங்கள். தள்ளும்போது மினுக்கினால் அது தண்டவாளம், சக்கரம், கரண்ட் எடுக்கும் தகடு ஆகியவற்றின் வேலை. டிகோடரைத் தொட வேண்டியதே இல்லை. தள்ளும்போது நிலையாக எரிந்து, கன்ட்ரோலரில் வேகத்தைக் கூட்டும்போது மட்டும் ஒரு படிக்கு எரிந்து அடுத்த படிக்கு அணைந்தால், அழுக்கும் இல்லை, வயரும் இல்லை. அது சிவி29 (சிவி என்பது டிகோடருக்குள் எண்ணாக எழுதி வைக்கும் அமைப்பு).

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை லூஸ் கனெக்‌ஷன் என்று நினைத்து இன்ஜினைப் பிரித்துப் போடுபவர்கள் உண்டு. பழைய 14 படி வேக முறையில், வேகக் கட்டளையிலேயே ஒரு பிட் முகப்பு விளக்குக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 28 படி முறை வந்தபோது அதே பிட்டை வேகத்தின் அரைப்படிக்கு எடுத்துக்கொண்டார்கள். கன்ட்ரோலர் 28 படியில் பேச, டிகோடர் 14 படி என்று கேட்டால், வேகத்தின் அரைப்படியை டிகோடர் ‘விளக்கைப் போடு, விளக்கை அணை’ என்று புரிந்துகொள்ளும். அதனால்தான் ஒவ்வொரு படிக்கும் கண் சிமிட்டுகிறது. நேர்மாறாக, கன்ட்ரோலர் 14-லும் டிகோடர் 28-லும் இருந்தால் விளக்கு எரியவே எரியாது. எஃப்0-ஐ அழுத்தும்போது வேகம் ஒரு துளி மாறுவதைக் கூர்ந்து பார்த்தால் தெரியும்.

சிவி29-ஐப் படித்து வரும் எண்ணை 4-ஆல் வகுங்கள். மீதி 2 அல்லது 3 என்றால் டிகோடர் 28/128 படியில் சரியாக இருக்கிறது. மீதி 0 அல்லது 1 என்றால் அந்த எண்ணோடு 2 கூட்டி எழுதுங்கள். 4 இருந்தால் 6. 36 இருந்தால் 38. முகவரி என்பது கன்ட்ரோலர் இன்ஜினை அழைக்கும் எண்; குறுகிய முகவரிக்கு வழக்கமான மதிப்பு 6, நீண்ட முகவரிக்கு 38. ரயில்காம் (டிகோடர் திருப்பித் தகவல் சொல்லும் வசதி) வைத்திருந்தால் 8 கூடி 14, 46 என்று வரும். பெரும்பாலும் இந்தத் தவறு எப்படி நுழைகிறது தெரியுமா? நீண்ட முகவரி வைக்கும்போது “32 கூட்ட வேண்டும்” என்று படித்துவிட்டு, ஏற்கெனவே இருந்த மதிப்போடு கூட்டாமல் வெறும் 32-ஐ எழுதிவிடுவதால். முகவரி சரியாகிவிடும், விளக்கு போய்விடும்.

திசை மாறி எரிவது அடுத்தது. இன்ஜினும் பின்னோக்கி ஓடி விளக்கும் மாறி எரிந்தால், சிவி29-இன் கடைசி பிட்டைத் திருப்பினால் போதும் (6 என்றால் 7). விளக்கு மட்டும் மாறியிருந்தால் வெள்ளையும் மஞ்சளும் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. மோட்டார் மட்டும் மாறியிருந்தால் ஆரஞ்சும் சாம்பலும். சிவி29-ஐத் தொட்டால் இரண்டும் சேர்ந்தே மாறும் என்பதால், ஒன்று மட்டும் தப்பாக இருக்கும் இடத்தில் அது மருந்தாகாது.

ஈரோடு ஷெட் மின்சார இன்ஜின்கள் போல இரண்டைச் சேர்த்துப் பூட்டி ஓட்டியிருந்தால் சிவி19-ஐப் பாருங்கள். பூட்டிய முகவரி அதில் தங்கிவிட்டால், தனியாக எடுத்து ஓட்டும்போது விளக்கு கட்டளைக்குக் கட்டுப்படும், இன்ஜின் நகராது. 0 எழுதினால் தீரும். பூட்டிய நிலையில் பொது முகவரியில் எஃப்0 வேலை செய்யவில்லை என்றால் சிவி22-இல் 3 எழுத வேண்டும். நடுவில் வரும் இன்ஜினுக்கு 0 போதும். எஃப்1 முதல் எஃப்8 வரை சிவி21-இல் இருக்கும்.

எஃப்0-க்கு அசையாத விளக்கு எஃப்1-க்கோ எஃப்4-க்கோ எரிந்தால் பொத்தான் மேப்பிங் மாறியிருக்கிறது. என்எம்ஆர்ஏ முறைப்படி சிவி33-இல் 1, சிவி34-இல் 2, சிவி35-இல் 4, சிவி36-இல் 8. இஎஸ்யு நிறுவன டிகோடர்களில் மேப்பிங் வேறு விதம், அவற்றில் இந்த எண்களை எழுதாதீர்கள். விளக்கு எரிகிறது, ஆனால் மங்கல் என்றால் பிரகாச அளவைக் குறைத்து வைத்திருக்கலாம்; ஜிமோ நிறுவன டிகோடரில் சிவி60, இஎஸ்யுவில் ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் 0 முதல் 31 வரை. எதுவும் பிடிபடவில்லை என்றால் சிவி8-இல் 8 எழுதி ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாலான டிகோடர்களுக்குப் பொருந்தும். முகவரி 3-க்குத் திரும்பிவிடும், அதை முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

மினுக்கல்: பஞ்சு, தூசு, எண்ணெய்

“மினுக்கு மினுக்குனு எரியுதுங்க” என்பது நம் பக்கத்தில் அதிகம் கேட்கும் புகார், அதற்குக் காரணமும் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் பக்கத்து வீடு, சோமனூர், பல்லடம் பக்கத்தில் தறி ஓடும் தெரு என்றால் காற்றில் எந்நேரமும் நூல் பஞ்சு இருக்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து உடுமலைக் காற்றாடிகளைச் சுற்றும் அதே காற்று தூசையும் மாடி அறைக்குள் கொண்டுவந்து சேர்க்கும். பஞ்சு மட்டும் இருந்தால் ஊதினால் போய்விடும். அச்சில் விட்ட எண்ணெயோடு சேரும்போதுதான் அது தண்டவாளத்தில் கறுப்புப் பசையாக ஒட்டி, கரண்டைத் தடுக்கிறது.

மோட்டார் ஓடும்போது அதன் சுழற்சி வேகம் நொடிப்பொழுது வெட்டுகளைத் தாண்டிக் கொண்டுபோய்விடும். எல்இடிக்கு அப்படி எந்தச் சேமிப்பும் இல்லை. நூறில் ஒரு பங்கு நொடி கரண்ட் போனாலும் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் நன்றாக ஓடும் இன்ஜினில்கூட விளக்கு மட்டும் மினுக்குகிறது.

துடைக்க ஐசோபுரொபைல் ஆல்கஹால் வாங்குங்கள். செல்போன் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் ‘ஐபிஏ’ என்று கேட்டால் கொடுப்பார்கள். மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட் வேண்டாம், சிலவற்றில் எண்ணெய்ச் சேர்மானம் உண்டு. தின்னர் பிளாஸ்டிக் ஸ்லீப்பரைக் கரைத்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நிக்கல் சில்வர் தண்டவாளத்தில் விழும் கீறல்களே அடுத்த அழுக்குக்குக் கூடாகும்.

துணி விஷயத்தில் நமக்கு ஒரு வசதி. கிலோ கணக்கில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் இதற்கு அருமையான துணி. ஆனால் பின்னல் துணியின் வெட்டுத் துண்டாக இருக்க வேண்டும். நூல் வேஸ்ட் என்றால் துடைக்கத் துடைக்க நீங்களே பஞ்சு சேர்க்கிறீர்கள். ஒரு துண்டை ஐபிஏவில் நனைத்து, தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, இன்ஜினின் முன் போகி (சக்கரத் தொகுதி) துணியின் மேலும் பின் போகி வெறும் தண்டவாளத்திலும் நிற்கும்படி வையுங்கள். இன்ஜினைக் கையில் பிடித்துக்கொண்டு பாதி வேகம் கொடுத்தால் பின் போகி கரண்ட் எடுக்க, முன் சக்கரங்கள் துணியில் சுழன்று இரண்டு கறுப்புக் கோடுகளைத் தீட்டும். துணியை நகர்த்தி, கோடு விழாத வரை செய்யுங்கள். பிறகு இன்ஜினைத் திருப்பி மறுபக்கம்.

அதற்கும் மினுக்கல் நிற்கவில்லை என்றால் இன்ஜினை ஸ்பாஞ்சின் மேல் தலைகீழாக வைத்து, பூதக்கண்ணாடியில் சக்கரத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். மெல்லிய பாஸ்பர் பிரான்ஸ் தகடு சக்கரத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். சக்கரத்தைப் பக்கவாட்டில் இரு கோடிக்கும் நகர்த்தும்போதும் தொடுதல் விடக்கூடாது. அச்சில் சுற்றியிருக்கும் நூலைச் சாமணத்தால் எடுக்கும்போது அந்தத் தகட்டை வளைத்துவிடாமல் கவனியுங்கள். நூலின் ஒரு நுனியைப் பிடித்து, சக்கரத்தை எதிர்ப்புறம் சுழற்றினால் தானே அவிழ்ந்து வரும்.

ஒரே இடத்தில் எல்லா இன்ஜினும் மினுக்கினாலோ மங்கினாலோ பழுது தரையில் இருக்கிறது. மல்டிமீட்டரில் ஏசி வோல்ட் வைத்து அளந்தால் சாதாரண மீட்டர் இந்த அலைக்குச் சரியான எண் காட்டாது. நான்கு 1என்4148 டையோடில் ஒரு பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் இணைப்பு) செய்து, தண்டவாளத்தில் வைத்து, வெளிவரும் டிசியை அளந்து சுமார் 1.4 கூட்டிக்கொள்ளுங்கள். பூஸ்டர் (தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) அருகிலும் கடைக்கோடியிலும், விளக்கு எரியும் பெட்டிகளை நிறுத்திவைத்தே அளக்க வேண்டும். 1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரிங் பலவீனம். அடியில் 1.5 ஸ்கொயர் எம்எம் வீட்டு வயரை மெயினாக ஓட்டி, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் 0.5 ஸ்கொயர் எம்எம் வயரில் தனி இணைப்பு கொடுங்கள். தண்டவாளத் துண்டுகளைக் கோக்கும் ஜாயினரை நம்ப வேண்டாம், எல்லா ஜாயின்ட்டையும் சால்டர் வைத்து மூடவும் வேண்டாம்: ஈரோட்டு சித்திரை வெயிலில் அறை 20 டிகிரி சூடானால் 1 மீட்டர் தண்டவாளம் சுமார் 0.3 மில்லிமீட்டர் நீளும், இடைவெளி இல்லாவிட்டால் தண்டவாளம் வளையும். வேலை முடிந்ததும் கடைக்கோடியில் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தைக் குறுக்கே வையுங்கள். பூஸ்டர் உடனே டிரிப் ஆக வேண்டும். ஆகாவிட்டால் அந்த இடத்தில் ஷார்ட் வரும்போது கரண்ட் நிற்காமல் பாய்ந்து போகியையே உருக்கும்.

பாடியைக் கழற்றிய பின்

முதலில் ஒரு சோதனை விளக்கு செய்துகொள்ளுங்கள்: 3 மில்லிமீட்டர் வெள்ளை எல்இடி ஒன்று, அதன் நீளக் காலில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், இரண்டு முனைக்கும் ஊசி. நீளக் கால் பிளஸ். தண்டவாளத்தில் கரண்ட் இருக்க, முன் திசையில் எஃப்0 போட்டு, பிளஸ் ஊசியை நீல வயரிலும் மற்றதை வெள்ளையிலும் தொடுங்கள். எரிந்தால் டிகோடர் நலம், பழுது இன்ஜினின் எல்இடி பக்கம். எரியவில்லை, ஆனால் பின் திசையில் மஞ்சளிலோ, எஃப்1 போட்டுப் பச்சையிலோ எரிகிறது என்றால் வெள்ளை அவுட்புட் போய்விட்டது. டிகோடரைத் தூக்கிப் போடாமல் பச்சைக்கு முன்விளக்கை மாற்றி, மேப்பிங்கை மாற்றிக்கொள்ளலாம். எதிலும் எரியவில்லை என்றால் நீல வயரின் சால்டரைப் பாருங்கள். இன்ஜினின் எல்இடியைத் தனியாகச் சோதிக்க, தண்டவாளத்திலிருந்து இன்ஜினை எடுத்துவிட்டு, வயரைக் கழற்றி, 9 வோல்ட் பேட்டரியோடு 1 கிலோ ஓம் சேர்த்துத் தொட்டால் 6 மில்லியாம்ப் போகும், பயமில்லை. மீட்டரின் டையோடு சோதனையில் வெள்ளை எல்இடி எரியவில்லை என்பதற்காக அதைக் குப்பையில் போடாதீர்கள். வெள்ளைக்கு 3 வோல்ட் வேண்டும், சில மீட்டர்கள் அவ்வளவு கொடுப்பதில்லை.

8 பின் பிளக் வைத்த இன்ஜினில், விளக்கு மொத்தமாகப் போய், ஓட்டமும் தலைகீழாகிவிட்டதா? பிளக்கைத் திருப்பிச் செருகியிருக்கிறீர்கள். நீலம் போக வேண்டிய இடத்துக்குப் பச்சை போயிருக்கிறது. இந்த என்இஎம் 652 பிளக்கில் பொதுவாகச் சேதம் வராது, எடுத்துத் திருப்பிச் செருகினால் போதும். 6 பின் பிளக்கில் அந்தப் பாதுகாப்பு இல்லை, ஒன்றாம் பின்னைப் பார்த்துத்தான் செருக வேண்டும்.

ரெசிஸ்டர் கணக்கு: தண்டவாளத்தில் 15 வோல்ட் என்றால் டிகோடருக்குள் ஒன்றரை வோல்ட் போக, விளக்குக்கு 13.5 வரும். வெள்ளை எல்இடி 3 எடுத்துக்கொள்ளும். மீதி 10.5 வோல்ட்டை 1 கிலோ ஓம் தாங்கினால் 10.5 மில்லியாம்ப், 4.7 கிலோ ஓம் என்றால் 2 மில்லியாம்ப்புக்குச் சற்று மேல். இன்றைய எல்இடிக்கு இந்த இரண்டாவதே பல நேரம் கண்ணுக்கு இதமான வெளிச்சம். 1 கிலோ ஓம் போட்டால் அதில் 0.11 வாட் சூடு; கால் வாட் ரெசிஸ்டராகப் போட்டு, பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் நிறுத்துங்கள்.

இதில் கண் ஏமாறும் ஓர் இடம் உண்டு. 1 கிலோ ஓம் பழுப்பு-கறுப்பு-சிவப்பு. 100 ஓம் பழுப்பு-கறுப்பு-பழுப்பு. ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் அந்தக் கடைசிச் சிவப்பும் பழுப்பும் ஒன்றுபோலத் தெரியும். 100 ஓம் போட்டால் 100 மில்லியாம்ப்புக்கு மேல் பாய்ந்து எல்இடி ஒருமுறை பளிச்சென்று நீலம் பாய்ந்து அணையும், சில சமயம் அவுட்புட்டையும் கூடவே கொண்டுபோகும். பற்றவைக்கும் முன் ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மீட்டரில் அளந்துவிடுங்கள்.

நம் ரயில்வே இன்ஜின் மாதிரிகளில் அடிக்கடி வரும் பழுது இன்னொன்று. முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு, இரண்டும் ஒரே நேரத்தில் எரிய வேண்டும் என்று இரண்டு எல்இடியையும் பக்கம் பக்கமாகச் சேர்த்து ஒரே ரெசிஸ்டரில் கட்டிவிடுவார்கள். சிவப்பு எரியும், வெள்ளை செத்ததுபோல் கிடக்கும். வெள்ளையை மாற்றுவார்கள், அதுவும் எரியாது. எல்இடியில் குறையே இல்லை. சிவப்பு 2 வோல்ட்டிலேயே கரண்டை விழுங்கத் தொடங்கி அந்த இடத்து வோல்ட்டை அதற்கு மேல் ஏறவிடாது; வெள்ளைக்கு வேண்டிய 3 வோல்ட் வரவே வராது. ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் போடுங்கள், அல்லது இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் கட்டுங்கள்: இரண்டுக்கும் சேர்த்து 5 வோல்ட், 1 கிலோ ஓம்மில் 8 மில்லியாம்ப். இதே இனத்தில் இன்னொன்று: எஃப்1-இல் மேலே இருக்கும் மஞ்சள் ஃபிளாஷர் மின்னும்போதெல்லாம் முகப்பு விளக்கு மங்கினால், நீல வயரில் ஒரே ரெசிஸ்டரைப் போட்டு இரண்டுக்கும் பங்கு வைத்திருக்கிறார்கள். ரெசிஸ்டரை எடுத்து வெள்ளையில் ஒன்று, பச்சையில் ஒன்று போடுங்கள்.

அணைக்க முடியாத விளக்கு ஆபத்தானது. வெள்ளை வயரை டிகோடர் பக்கம் கழற்றுங்கள். இன்னும் எரிந்தால் அந்த வயரோ எல்இடியின் காலோ எங்கோ உலோகச் சேசிஸைத் தொடுகிறது. பல இன்ஜின்களில் சேசிஸ் ஒரு தண்டவாளத்தோடு சேர்ந்திருக்கும், அதனால் அலையின் ஒரு பாதியில் மட்டும் கரண்ட் போய் அரை வெளிச்சத்தில் எரியும். கழற்றியதும் அணைந்தால் டிகோடரின் சுவிட்சு டிரான்சிஸ்டர் ஒட்டிப்போய்விட்டது, அந்த அவுட்புட்டை விட்டுவிட வேண்டியதுதான். பழைய இன்ஜின்களில் இருக்கும் இழை பல்பு இப்படி ஒட்டிப்போக ஒரு காரணம்: குளிர்ந்த இழை முதல் கணத்தில் வழக்கத்தைவிடப் பத்து மடங்கு வரை கரண்ட் இழுக்கும். மாற்றி எல்இடி போடுவதே நல்லது.

இணைப்புக்கு கோவை வைண்டிங் கடைகளில் கிடைக்கும் எனாமல் செம்புக் கம்பி, 38 கேஜ், மிகப் பொருத்தம், 0.15 மில்லிமீட்டர்தான் கனம், மெல்லிய ஸ்லீவும் அங்கேயே கிடைக்கும். ஆனால் எனாமல் சுரண்டப்படாமல் சால்டர் பிடிக்காது. மேலே பந்துபோல ஈயம் உட்கார்ந்திருக்கும், உள்ளே தொடுதல் இருக்காது. இன்று எரிந்து நாளை அணையும் விளக்குக்கு இதுவே காரணமாக இருக்கும். நுனியைச் சுரண்டி, சூடான ஈயத் துளிக்குள் இரண்டு மூன்று நொடி வைத்து, வெள்ளி நிறம் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு இணையுங்கள்.

பெட்டி விளக்கு

பெட்டிக்குள் போடும் 12 வோல்ட் எல்இடி ஸ்டிரிப் மூன்று மூன்றாகத் தொடரில் இருக்கும், வெட்டும் கோட்டில்தான் வெட்ட வேண்டும். அதை நேராகத் தண்டவாளத்தோடு கட்டக்கூடாது. எல்இடி தலைகீழாக 5 வோல்ட் வரைதான் தாங்கும், இங்கே திசை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மாறிக்கொண்டிருக்கிறது. சக்கரத்திலிருந்து வரும் இரண்டு வயர் பிரிட்ஜுக்கு, பிரிட்ஜின் பிளஸ்ஸிலிருந்து 100 ஓம், அதன் பின் 25 வோல்ட் கெப்பாசிட்டர், அதன் பின் 1 அல்லது 2.2 கிலோ ஓம் வழியாக ஸ்டிரிப் என்பது வரிசை. 16 வோல்ட் கெப்பாசிட்டர் விளிம்பில் நிற்கும், வேண்டாம்.

எவ்வளவு கெப்பாசிட்டர்? மூன்று வெள்ளை எல்இடிக்கு 9 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், அதனால் 13.5-இலிருந்து 9.5 வரை சுமார் 4 வோல்ட் இறங்கும் வரைதான் வெளிச்சம் நிற்கும். பெட்டி 4 மில்லியாம்ப் எடுத்தால் 470 மைக்ரோஃபாரட் கிட்டத்தட்ட அரை நொடி தாங்கும். 1000 என்றால் ஒரு நொடி. தடம் பிரியும் பாயிண்ட்டில் கரண்ட் வராத செத்த இடத்தைத் தாண்ட அரை நொடியே தாராளம். அந்த 100 ஓம்மை விட்டுவிட்டால், பத்துப் பெட்டி ரயிலைத் தண்டவாளத்தில் வைத்து ஸ்விட்ச் போட்டதும் பூஸ்டர் அதை ஷார்ட் என்று எண்ணி டிரிப் ஆகும். போட்டிருந்தால் பெட்டிக்கு முதல் கணத்தில் 140 மில்லியாம்ப், பத்துக்கும் சேர்த்து 1.4 ஆம்ப், 3 ஆம்ப் பூஸ்டர் தாங்கும்.

கடைசிப் பெட்டியின் சிவப்பு டெயில் விளக்குக்குத் தானே மின்னும் எல்இடி வாங்கிப் போடுபவர்கள், அது ஒழுங்கில்லாமல் துடிப்பதைப் பார்த்திருப்பார்கள். அதற்குள் ஒரு சிறிய ஐசி இருக்கிறது. கரண்ட் ஒரு கணம் வெட்டினாலும் அது முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். மேலே சொன்ன கெப்பாசிட்டருக்குப் பின்னால் அதைக் கட்டினால் துடிப்பு சீராகும்.

மலை ரயில் மாதிரி

மேட்டுப்பாளையம்–குன்னூர் பல்சக்கரப் பாதையை 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் அமைப்பவர்களுக்கு விளக்கில் தனி வேலை உண்டு. அங்கே ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது, முன்னே போவது பெட்டி. அந்தப் பெட்டிக்கு விளக்கு வேண்டுமென்றால் ஒரு ஃபங்ஷன் டிகோடர் (மோட்டாருக்கு இல்லாமல் விளக்குக்கு மட்டும் ஆனது) வைத்து, இன்ஜினின் முகவரியையே கொடுத்தால் எஃப்0 இரண்டுக்கும் கேட்கும். முகவரி எழுதும்போது இரண்டையும் ஒன்றாக புரோகிராமிங் தண்டவாளத்தில் (சிவி எழுதவும் படிக்கவும் ஒதுக்கிய தனித் துண்டில்) வைக்கக்கூடாது.

அந்த டிகோடர் எழுதும்போது ஏற்றுக்கொள்ளும், படிக்கும்போது “பதில் இல்லை” என்று வரும். அதுவும் பழுதல்ல. படிக்கும்போது டிகோடர் ‘ஆம்’ என்று சொல்வது 60 மில்லியாம்ப் கரண்டைச் சுமார் 6 மில்லிநொடி இழுத்துத்தான். மோட்டார் இருந்தால் அது இழுக்கும். 2 மில்லியாம்ப் எல்இடியால் எப்படி முடியும்? படிக்கும் நேரத்துக்கு மட்டும் நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே 150 ஓம், 1 வாட் ரெசிஸ்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்ஜினில் சூப்பர் கெப்பாசிட்டர் வைத்திருந்தாலும் படிப்பது தடுமாறும். அதைக் கழற்றிவிட்டுப் படிக்க வேண்டும், அல்லது மெயின் தண்டவாளத்திலேயே எழுத வேண்டும்.

பாடியை மூடும்போது

வயர் மோட்டாரின் சுழலும் பகுதியிலும் பாடியின் கொக்கியிலும் மாட்டாத வழியில் போகட்டும். சூடு தாங்கும் காப்டன் டேப் ஒரு சுற்று போதும். கறுப்பு இன்சுலேஷன் டேப் நம் வெயிலில் பசை கக்கி நழுவும். மூடியதும் நேராக மெயினில் வைக்காதீர்கள். புரோகிராமிங் தண்டவாளத்தில் கரண்ட் மட்டுப்பட்டிருக்கும், அங்கே வைத்து சிவி8-ஐப் படியுங்கள். தயாரிப்பாளர் எண் வந்தால் டிகோடர் உயிரோடு இருக்கிறது, பெரிய ஷார்ட் எதுவும் இல்லை. பிறகு மெயினில் வைத்து, அறை விளக்கை அணைத்து, எஃப்0 போட்டுப் பாருங்கள். முகப்பு மட்டும் எரியாமல் கூரையும் கேபின் ஓரமும் சேர்ந்து ஒளிர்ந்தால் எல்இடியின் வெளிச்சம் மெல்லிய பிளாஸ்டிக் வழியே கசிகிறது. பாடியின் உட்புறம் எல்இடி உட்காரும் இடத்தைச் சுற்றி மட்கறுப்பு அக்ரிலிக் இரண்டு கோட் அடித்து, எல்இடியின் பின்புறத்துக்கும் ஒரு துளி வையுங்கள். காய்ந்த பிறகு மறுபடி இருட்டில் பார்த்தால் வெளிச்சம் கண்ணாடி வழியாக மட்டும் தண்டவாளத்தில் விழும்.